கைக்கு எட்டிய பிளாட்பாரம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் பலகைக்கடை வைத்திருப்பவர்களுக்குச் சுலோசனாவைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸ்கூட்டரை ஏதாவது ஒரு சந்தில் சொருகிவிட்டு உள்ளே வருவாள். முழுப் பலகை எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். வெட்டி ஒதுக்கிய துண்டுகள் குவிந்து கிடக்கும் மூலைக்குப் போய்க் குந்திக்கொள்வாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்ப்பாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கைப்பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கனம் அளப்பாள். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றோடு எழுந்து வருவாள்.

"அண்ணா, மூணு மில்லின்னு சொன்னீங்க. இது ரெண்டே முக்கால்தான் இருக்குது."

"அந்தக் கால் மில்லிக்கு என்னம்மா செய்யப் போறீங்க?"

"பிளாட்பாரம் கட்டறனுங்க."

புதிதாகக் கடைக்கு வந்தவர் யாராவது இருந்தால் அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார். கடைக்காரருக்குப் பழகிவிட்டது.

சுலோசனாவுக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்தது கொள்ளேகாலில், வாழ்க்கைப்பட்டது மைசூருக்கு. அங்கே ஹெப்பாளில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பெல்ட்டில் வரும் பாகங்களை அளந்து, சரியானதைப் பச்சைப் பெட்டியிலும் தவறானதைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். அந்த வேலை செய்து செய்து, கல்யாண வீட்டில் இலையில் வைத்த ஜாங்கிரி கோணலாக இருந்தால்கூட அவள் கை தானாக அதை ஒதுக்கும். கணவன் சுரேந்தர் கம்பெனி பஸ் டிரைவர். மகள் ஜீவிதாவுக்குப் பெங்களூரில் வேலை.

ரயில்வேக்கும் சுலோசனாவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஜீவிதா ஏழாவது படிக்கும்போது பள்ளியில் ரயில்வே ஸ்டேஷன் மாதிரி செய்து கொண்டுவரச் சொன்னார்கள். தாயும் மகளும் செருப்புப் பெட்டியை வெட்டி ஒன்று செய்தார்கள். மகளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, அதோடு அவள் மறந்துவிட்டாள். சுலோசனாவால்தான் மறக்க முடியவில்லை. பிளாட்பாரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முதல் பரிசு போனது அதனால்தான் என்று அவளுக்குத் தோன்றியது. சரியாக ஒன்று செய்து பார்க்கலாமே என்று ஆரம்பித்தவள், பன்னிரண்டு வருடமாக நிறுத்தவில்லை.

சரியான பொருளைக் கண்டுபிடிப்பது லேசாக இல்லை. தெர்மாக்கோலில் ஒன்று செய்தாள். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் பசையைத் தடவினாள். கண்ணெதிரே பிளாட்பாரம் கரைந்து குழிகுழியாய் ஒடுங்கிப் போயிற்று. "ஏய், உன் ஸ்டேஷனைக் கரையான் திந்துபிடுச்சே!" என்று சுரேந்தர் பாதி கன்னடத்தில் சிரித்தான். அடுத்ததாக, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. வெட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. ஜூலை மழைக்கு ஓரமெல்லாம் ஊறி உப்பி, ரயில் பெட்டி பிளாட்பாரத்தில் உரசி நின்றது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தது காய்ந்ததும் அழகாக இருந்தது. மேசையை நகர்த்தியபோது மூன்றாகப் பிளந்தது. கடைசியில் விளம்பரப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் சன்போர்டில் வந்து நின்றாள். எடை கிடையாது, ஊறாது, வளையாது. மேலே நைசான உப்புத்தாளை ஒட்டிச் சாம்பல் வண்ணம் அடித்தால் தார் போட்ட பிளாட்பாரம் அச்சு அசலாக வந்துவிடும். ஓரத்தில் மஞ்சள் கோடு. ஜீவிதாவின் பழைய புருவப் பென்சிலால் அங்கங்கே அழுக்கு.

இந்தச் சன்போர்டு ஸ்டேஷனோடுதான் மைசூரின் சின்ன ரயில் குழுவில் சேர்ந்தாள். ஏழு ஆண்கள், இவள் ஒருத்தி. அவர்களிடம் வெளிநாட்டு எஞ்சின்கள் இருந்தன. நிற்பதற்கு ஒரு நல்ல ஸ்டேஷன் இல்லை. குழுவை நடத்தியவர் யக்ஞநாராயணன், மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், கட்டுமானப் பொறியாளர். நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது மாதிரியில் ஓர் அடி இருக்க வேண்டும் என்பது குழுவின் அளவு. அந்த அளவில் அரை மில்லி பிசகினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சுலோசனாவின் பிளாட்பாரத்தை அளந்து பார்த்த அன்றைக்கே, "பேஷாப் பண்ணிருக்கேள். சேந்துடுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

போன டிசம்பரில் ஒரு பள்ளி அரங்கத்தில் குழுவின் கண்காட்சி நடந்தது. முப்பது அடி நீளத்துக்கு மேசைகள், சுற்றிக் கயிறு, 'தொடாதீர்கள்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அட்டை. இரண்டாம் நாள் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் வெள்ளைக் கோலோடு ஒருவர் வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் வங்கி அடையாள அட்டை. கயிற்றில் கை பட்டதும் நின்றுகொண்டார்.

"இங்க ரயிலு ஓடுதுன்னு சொன்னாங்க. சத்தம் கேக்குது. கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமுங்களா?"

யக்ஞநாராயணன் 'தொடாதீர்கள்' அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அப்புறம் சுலோசனாவைப் பார்த்தார். வந்தவரின் பேச்சில் கொள்ளேகால் வாடை அடித்ததும் சுலோசனாவுக்குக் காது நிமிர்ந்துவிட்டது.

"எந்தூருங்க நீங்க?"

"கொள்ளேகால் பக்கம் ஹனூருங்க. பேரு ஜடையன். இப்ப நஞ்சன்கூட்டுல இருக்கறேன். தினமும் ரயில்லதான் வந்து போறேன்."

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, சுலோசனா தன் ஸ்டேஷனைத் தண்டவாளத்தை விட்டுத் தனியாகக் கழற்றி ஒரு நாற்காலியின் மேல் வைத்தாள். ஜடையன் கீழே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். முதல் தொடுதலிலேயே ஒரு விளக்குக் கம்பம் பட்டென்று முறிந்தது.

"ஐயோ! உடைச்சுப் போட்டேனுங்களா?"

"அது கிடக்குது, ஒட்டிக்கலாம். நீங்க பாருங்க."

அவர் விரல்கள் பிளாட்பாரத்தின் மேல் இப்படியும் அப்படியும் போய் வந்தன. சுலோசனா பாராட்டுக்குத் தயாராக நின்றாள்.

"ஏனுங்க அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது ரொட்டித் துண்டாட்டம் இருக்குதுங்க."

"என்னது?"

"கனமே இல்ல. சில்லுனும் இல்ல. சொரசொரன்னு இருக்குது, ஆனா கல்லோட சொரசொரப்பு இல்லீங்க. ஓரம் எங்கிங்க?"

"அதுதான் மஞ்சக் கோடு போட்டிருக்கறனே…" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜடையன் சிரித்தார். "நீங்க போட்டிருப்பீங்க. என்ற கைக்கு அது வரலீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இருபது வருசமா பிளாட்பாரத்துல நிக்கறேன். பொட்டுப் பொட்டா டைல்ஸ் காலுல பட்டா நின்னுக்கணும்னு தெரியும். அதுக்கு அந்தாண்ட என்ன இருக்குது, எவ்வளவு ஆழம், ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கணும்னா விழுந்துதான் பாக்கணும். அதனாலதான் இங்க பாத்துரலாம்னு வந்தேன்."

போகும்போது தன் போன் நம்பரைக் கொடுத்து, உடைந்த கம்பத்துக்கு இன்னொரு தரம் வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

பத்தொன்பது வருடமாக மற்றதையெல்லாம் சிவப்புப் பெட்டியில் போட்டவளுக்கு, தன் பொருள் சிவப்புப் பெட்டிக்குப் போனது தாங்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள் சத்தமாக அலம்பப்பட்டன. "ரொட்டித் துண்டாம்!" என்று சட்டினி அரைத்துக்கொண்டே சொன்னாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு ஷிப்ட் மாறும் விடுப்பு. நேராக மைசூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிளாட்பார டிக்கெட் எடுத்தாள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறுங்காலோடு நடந்தாள். நடுவில் வழவழப்பான கல், நிழலில் குளிர்ந்து கிடந்தது. கூரை இல்லாத இடத்தில் அதே கல் சுட்டது. அடுத்து பொட்டு வைத்த டைல்ஸ், உள்ளங்காலில் ஒவ்வொரு பொட்டும் தனித்தனியாக எண்ணச் சொன்னது. கடைசியில் ஓரக்கல், கொத்திவிட்ட மாதிரி முரடாக. ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏனம்மா, சப்பலி களெதுஹோய்தா?"

செருப்பு தொலையவில்லை, பையில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே ஜடையனுக்குப் போன் செய்தாள். "தம்பி, நீங்க சொன்னது சரிங்க. தொட்டுப் பாக்கறதுக்குன்னே ஒண்ணு செய்யறேன். ஆனா எது சரின்னு நீங்கதான் சொல்லோணும். என்ற கண்ணை நம்பிப் பிரயோசனமில்ல."

யக்ஞநாராயணன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு அவர் பக்கம் இருந்தது. நிஜ டைல்ஸில் பொட்டின் உயரம் ஐந்து மில்லி. அதை எண்பத்தேழால் வகுத்தால் ஒரு தலைமுடி கனம்கூட வராது. எந்த விரலுக்கும் அது தெரியாது.

"பெரிசா வச்சாத் தெரியும் சார்."

"அளவு தப்பிடுத்துன்னா அது மாடல் இல்லே, பொம்மை."

"அப்ப பொம்மைன்னே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவள் தொழிலே அளவுதான். அவர் சொல்வது தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்து தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். இருபதில் ஒரு பங்கு அளவில் கட்டுவது. உயரம், அகலம், இடைவெளி எல்லாம் மில்லி பிசகாமல். அந்தப் பொட்டுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஹெப்பாள் போகும் வழியில் பசம்மா என்பவர் கல் அறுக்கும் பட்டறை நடத்தி வந்தார். சமையல் மேடைக்கும் வாசற்படிக்கும் அறுத்த மிச்சம் அங்கே மலையாகக் கிடந்தது. சுலோசனா வேலை முடிந்து வரும்போதெல்லாம் அங்கே இறங்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடம் நிறையக் கல் ஏற்றி வந்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கனமான துணிப்பையோடு ஜடையனின் வங்கிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு இடைவேளை. வெளியே மரத்தடி பெஞ்சில் அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"குடுங்க அக்கா."

முதல் துண்டைத் தடவினார். "இது பாத்ரூமு."

சரிதான், குளியலறை டைல்ஸ்.

"இது அடுப்பங்கரை மேடை. கருங்கல்லு, பாலிஷ் போட்டது. இது… கோயிலு வாசப்படியாட்டம் இருக்குதுங்க. இது என்னன்னு தெரியல, எனக்குப் புடிக்கல."

"எனக்கும் புடிக்கல. வேண்டாம் உடுங்க."

ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவர் ஒரு துண்டில் நின்றுவிட்டார். கார் நிறுத்தும் இடத்தில் பதிக்கும் சொரசொரப்பான டைல்ஸின் துண்டு. அதைத் திருப்பினார், ஆள்காட்டி விரலால் நீள வாக்கில் இழுத்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது எங்க நஞ்சன்கூட்டு ஸ்டேசனுங்க. ரெண்டாவது பிளாட்பாரம். டிக்கெட் கவுண்டரைத் தாண்டி நடந்தா இப்படித்தான் இருக்கும்."

தரைக்குப் பார்க்கிங் டைல்ஸ், ஓரத்துக்கு முரட்டுக் கடப்பைக் கல் என்று அந்த பெஞ்சிலேயே முடிவாயிற்று. பொட்டுதான் படாத பாடு படுத்தியது. முதலில் கடுகை வரிசையாக ஒட்டிப் பார்த்தாள், நான்கு பேர் தடவியதும் உதிர்ந்தது. மாத்திரை அட்டையின் குமிழ்கள் அழுத்தினால் அமுங்கின. ரவிக்கையில் தைக்கும் கண்ணாடி மணிகள் கையைக் கீறின. ஒரு நாள் சுரேந்தரின் பழைய சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்த கடையில் காத்திருந்தபோது, கடைக்காரர் கிண்ணத்து மண்ணெண்ணெயில் பால்ரஸ் குண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அரைக்கால் அங்குலக் குண்டுகள். சுலோசனா ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினாள். குளிர்ச்சியாக இருந்தது, தேயவே தேயாது, கையையும் கீறாது. "எனக்கு இருநூறு குடுங்க" என்றாள். மஞ்சள் அக்ரிலிக் பட்டையில் அளந்து அளந்து துளை போட்டு, பாதிக்குண்டு உள்ளே, பாதி வெளியே நிற்கும்படி பதித்தாள். நான்கு ஞாயிறு பிடித்தது. பலகைக்கடைக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

கல் வேலை முடிந்ததும் வேறொரு சிக்கல். முழு ஸ்டேஷனையும் மடக்கு மேசையில் வைத்தபோது மேசை நடுவில் தொய்ந்து, அப்படியே மெல்ல மண்டியிட்டது. சுரேந்தர் ஓடி வந்து அடியில் தோள் கொடுத்தான்.

"மாராயத்தி, இது மாடலா, நிஜ ஸ்டேஷனையே பேத்துட்டு வந்துட்டியா?"

"பேசாம புடிங்க, கல்லு வழுக்குது!"

அடியில் கனத்தைக் குறைக்க உள்ளே கூடாக மரச்சட்டம் அடித்து, மேலே மட்டும் டைல்ஸ் வைத்தாள். தண்டவாளத்துக்கு இரும்புச் சட்டம், கீழே சலித்த ஜல்லி. கூரைத் தூண்கள், பெஞ்சு, எதிரே இன்னொரு பிளாட்பாரம். ஒரு ரயில் பெட்டி, அதன் கதவும் படியும். தேக்கில் ஓர் ஆள் உருவம், எட்டரை சென்டிமீட்டர். ஐந்தடி ஏழு அங்குல மனிதனின் இருபதில் ஒரு பங்கு. ஆளை வைக்கச் சொன்னது யாருமில்லை. ஒரு பொருள் எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் தெரிந்த ஒன்றை வைக்க வேண்டும் என்பது தொழிற்சாலைப் பழக்கம்.

மார்ச்சில், ஜடையன் போய்வரும் பார்வையற்றோர் சங்கத்தின் கூடத்தில் அதைக் கொண்டுபோய் இறக்கினார்கள். யக்ஞநாராயணனும் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை. கையில் காலிப்பர். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது குனிந்து நாலைந்து இடம் அளந்தார்.

"தண்டவாளத்துலேர்ந்து பிளாட்பாரம் நாப்பது மில்லி. சரியா இருக்கு." இன்னொரு தரம் அளந்து, "பொட்டைத் தவிர்த்து எல்லாம் சரியா இருக்கு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பொட்டின் மேல் விரலை ஓட்டினார். காலிப்பரை உறையில் போட்டார்.

ஜடையன் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் கை தரையில் நடந்தது. பொட்டு வந்ததும் நின்றது. இருபது வருடப் பழக்கம், கையும் நின்றுவிட்டது. சுலோசனாவுக்கு அது புரிந்தது.

"போலாம் தம்பி. அந்தாண்ட போங்க. இங்க விழ மாட்டீங்க."

விரல்கள் பொட்டைத் தாண்டி, முரட்டு ஓரக்கல்லைத் தாண்டி, விளிம்பில் மடங்கிக் கீழே இறங்கின. சுவர். ஜல்லி. இரும்பு. அடுத்த இரும்பு. அப்படியே திரும்பி வந்து மறுபடியும் இறங்கின. அவர் நெற்றி சுருங்கியது.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

"ஆளு இருக்குதுன்னீங்களே, அதக் குடுங்க."

தேக்கு மனிதனை வாங்கி ஜல்லியில் நிறுத்தினார். பிளாட்பாரம் அவன் உடம்பில் எதுவரை வருகிறது என்று கட்டைவிரலால் அளந்தார். பிறகு எழுந்து நின்று, தன் வயிற்றில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தொப்புளு வரைக்குந்தான்!" கூடம் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னார். "இத்தன வருசமா கெணறுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க. கனவுலகூட விழுந்துட்டே இருப்பேன், தரையே வராது. தொப்புளு வரைக்குந்தானா!"

அவர் சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அதற்குள் மற்றவர்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். எதிர்ப் பிளாட்பாரம் இவ்வளவு கிட்டவா, குரல் மட்டும் தூரத்தில் கேட்கிறதே என்று ஒருவர். பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் சந்தில் சுண்டுவிரலை விட்டு, "இதுலதான் என் கோலு போன மாசம் போச்சு" என்று இன்னொருவர். இருபது கைகள் ஒரே சமயத்தில் மேலே பட்டும் ஸ்டேஷனில் எதுவும் அசையவில்லை. கூரைத் தூணை ஒருவர் பிடித்து இழுத்தே பார்த்தார்.

ஸ்டேஷன் சங்கத்திலேயே தங்கிவிட்டது. மாதம் ஒரு முறை சுலோசனா போய் ஆணிகளை முடுக்கிவிட்டு வருகிறாள். போன தடவை போனபோது, தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற கமலம்மாள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பிளாட்பாரத்தைக் கோடியிலிருந்து கோடி தேடிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா தேடறீங்க?"

"டீக்கடையைத்தான். எங்கே வச்சிருக்கே?"

"வைக்கலீங்களே."

"நல்லா இருக்கு! டீக்கடை இல்லாம அது என்ன ஸ்டேஷன்? ரயில் லேட்டானா இந்த மர மனுஷன் என்ன செய்வான்?"

சுலோசனா காலிப்பரை எடுத்து, கூரைத் தூணுக்கும் பெஞ்சுக்கும் நடுவே இருந்த இடத்தை அளந்தாள். நாற்பத்திரண்டு மில்லி. அடுப்புக்குப் பித்தளை சரியாக வரும். ஆனால் டம்ளர்? எவர்சில்வரா, கண்ணாடியா? அதைக் கமலம்மாளிடமே கேட்டாள்.

"கண்ணாடி" என்றார் அவர், யோசிக்காமல்.